ஓசியா 4:3-இல் மீன்கள் என்ன பாவம் செய்தன? இயற்கை வழியாக வரும் நியாயத்தீர்ப்பு பற்றி ஒரு கேள்வி

பொருநைக்கரை:

வேதாகமத்தின் சின்னத் தீர்க்கதரிசிகளை, அதாவது ஓசியா முதல் மல்கியா வரை உள்ள சிறு புத்தகங்களை, தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டு வருகிறேன். இரண்டு இடத்தில் நகர முடியாமல் நிற்கிறேன், விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

முதலாவது ஓசியா 4:1-3. தேசத்தில் உண்மை இல்லை, இரக்கம் இல்லை, பொய்யாணை, கொலை, களவு, விபசாரம் என்று கர்த்தர் வழக்கு வைக்கிறார். எல்லாம் மனிதர் செய்த காரியங்கள். ஆனால் அடுத்த வசனத்தில் தேசம் புலம்புகிறது, காட்டு மிருகங்களும் ஆகாயத்துப் பறவைகளும் வாடிப்போகின்றன, கடலின் மீன்கள்கூட மிஞ்சவில்லை. பொய்யாணை இட்டவன் ஒருவன், செத்துப்போவது மீனா? யோவேல் முதல் அதிகாரத்திலும் மாடுகள் மேய்ச்சல் இல்லாமல் கலங்கி அலைகின்றன. வாசிக்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது, வெள்ளமோ புயலோ வந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் "இது கர்த்தருடைய கோபம்" என்று யாராவது வசனத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஆமோஸ் 4-ஐத் திறந்து பார்த்தால் மழையை நிறுத்தினது நான், பயிரைக் கருக்கினது நான் என்று கர்த்தரே சொல்கிறார். அப்படியானால் அந்த வாட்ஸ்அப் ஆளும் ஆமோஸும் சொல்வது ஒன்றுதானா? இல்லை என்று என் மனசு சொல்கிறது, ஏன் இல்லை என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.


மறைநூல் மாணவன்:

நல்ல கேள்வி பிரதர். இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்தால் முதலாவது பாதி புரிந்துவிடும்.

முதலில் அந்த நிலத்தைப் பாருங்கள். எகிப்துக்கு நைல் இருந்தது, பாபிலோனுக்கு ஐபிராத்தும் (யூப்ரடீஸ் ஆறு) கால்வாய்களும் இருந்தன. இஸ்ரவேல் மலைநாட்டுக்கு அப்படி ஒரு ஆறு கிடையாது. யோர்தான் இருக்கிறதே என்பீர்கள், அது ஆழமான பள்ளத்தாக்கில் கீழே ஓடுகிறது, மேலே சமாரியாவிலும் யூதாவிலும் இருந்த வயலுக்கு அந்தக் காலத்தில் அதிலிருந்து தண்ணீர் ஏற்ற முடியாது. அக்டோபர், நவம்பரில் முன்மாரி வந்தால்தான் உழவு, மார்ச், ஏப்ரலில் பின்மாரி வந்தால்தான் கதிர் முற்றும். கோடை முழுக்க ஒரு சொட்டு விழாது. உபாகமம் 11:10-12 இதை அப்படியே சொல்கிறது: எகிப்தில் நீ காலால் தண்ணீர் பாய்ச்சினாய், இந்தத் தேசமோ வானத்து மழையைக் குடிக்கும் தேசம். ஆமோஸின் ஊரான தெக்கோவா யூதேயா வனாந்தரத்தின் விளிம்பில் இருக்கிறது. எருசலேமில் ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை, அங்கிருந்து கிழக்கே சவக்கடல் வரை இறங்கினால் 25 கிலோமீட்டர் தூரத்துக்குள் அது 100-க்கும் கீழே போய்விடுகிறது. ஒரு ஊரில் மழை பெய்தது, மறு ஊரில் பெய்யவில்லை, இரண்டு மூன்று ஊர்க்காரர்கள் தண்ணீருக்காக ஒரே ஊருக்குத் தள்ளாடிப் போனார்கள் என்று ஆமோஸ் 4:7-8 சொல்வதைக் கவித்துவம் என்று மட்டும் எடுக்காதீர்கள், அந்த மேய்ப்பன் கண்ணால் பார்த்த ஊர் வரைபடம் அது.

அப்படிப்பட்ட நாட்டில் மழையைத் தருவது யார் என்பதுதான் மிகப் பெரிய மதக் கேள்வி. சுற்றி இருந்த கானானியர் பாகால் என்றார்கள். 1929-இல் தொடங்கி சிரியாவின் ராஸ் ஷம்ராவில், அதாவது பழைய உகாரித்தில், கிடைத்த களிமண் பலகைகளில் பாகால் மேகங்களின்மேல் ஏறி வருகிறவன் என்றே பாடப்படுகிறான். ஓசியா 2:8-இல் கர்த்தர் படும் வேதனையே இதுதான்: தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கொடுத்தது நான் என்று அவள், அதாவது மனைவியாக உருவகித்த இஸ்ரவேல், அறியவில்லை, பாகால் கொடுத்தான் என்று நினைத்தாள். ஆகையால் மழை நிற்பது வெறும் அடி இல்லை, யார் தந்தார் என்பதற்கான பதிலும் அதுவே. பாகாலை வணங்கின ஆகாப் ராஜாவின் நாளில் எலியா தீர்க்கதரிசி அறிவித்த வறட்சியும் அதே வழக்குதான்.

இன்னொன்று, கர்த்தர் இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கை. லேவியராகமம் 26, உபாகமம் 28 இரண்டையும் ஆமோஸ் 4-க்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். மழையின்மை, கருக்காய், வெட்டுக்கிளி, கொள்ளைநோய் எல்லாம் அங்கே முன்கூட்டியே எழுதியிருக்கிறது. ஆமோஸ் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, நீங்களே ஒப்புக்கொண்ட உடன்படிக்கை இது, வந்திருக்கிறது பாருங்கள் என்கிறார். அப்படியிருந்தும் நீங்கள் என்னிடம் திரும்பவில்லை என்ற வரி 6 முதல் 11 வரை ஐந்து முறை வருகிறது. கோபத்தைவிட ஏக்கம்தான் அந்த வரியில் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு செருப்புக்கும் விற்றவர்கள், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கின வியாபாரிகள், யானைத்தந்தக் கட்டிலில் படுத்துக்கிடந்தவர்கள். 1930-களில் சமாரியாவின் அரண்மனைப் பகுதியைத் தோண்டியபோது தந்தத்தில் செதுக்கின துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன, சிலவற்றில் பொன் ரேக்கும் வண்ணக் கல்லும் பதித்த அடையாளம்கூட உண்டு. அந்த வீட்டுக்காரர்களிடம் பேசினார் ஆமோஸ். வெள்ளத்தில் குடிசை போனவனிடம் போய் இதைப் பேசவில்லை.


கரிசல்மண்:

நான் கிறிஸ்தவன் இல்லை, ஆனால் வேளாண்மை படித்தவன், வெட்டுக்கிளிக்காகவே யோவேலைத் தேடி வாசித்தவன். அந்த முதல் அதிகாரத்தை எழுதியவர் பூச்சியை மிக நெருக்கத்தில் பார்த்திருக்கிறார் என்று அடித்துச் சொல்வேன்.

1:7-ஐப் பாருங்கள், அத்திமரத்தை உரித்துப் போட்டது, கிளைகள் வெண்மையாயின. இலையை மட்டும் தின்னும் பூச்சி என்றால் கிளை வெளுக்காது, பட்டையையும் சுரண்டினால்தான் வெளுக்கும். பாலைவன வெட்டுக்கிளி இலை தீர்ந்ததும் செய்வது அதைத்தான். 1915 மார்ச்சில் எருசலேமுக்கு மேலே கூட்டம் வந்து இறங்கியது. அமெரிக்கன் காலனி என்ற குழுவினர் அங்கே இருந்து படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்: ஒரு படத்தில் இலை அடர்ந்த அத்திமரம், அடுத்த படத்தில் அதே மரம் மொட்டையாக. முட்டை பொரிந்ததும் இறகு முளைக்காத குஞ்சுகள் தரையோடு அணிவகுத்து வந்தன, சுவர் வந்தால் சுற்றிப் போகாமல் ஏறின, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்கின. யோவேல் 2:7-9-இல் இருப்பதும் இதே காட்சிதான், வரிசை குலையாமல் நடக்கும், மதிலேறும், திருடனைப்போல் பலகணி வழியாய் நுழையும். 15 முதல் 60 வயது வரை உள்ள ஒவ்வொரு ஆணும் 20 கிலோ வெட்டுக்கிளி முட்டை தோண்டிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று துருக்கி அரசு சட்டமே போட்டது.

கணக்கு எளிது. ஒரு பூச்சி 2 கிராம், ஒரு நாளைக்குத் தன் எடை அளவுக்குத் தின்னும். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கும், அது ஒரு நாளில் தின்பது சுமார் 35,000 பேருடைய சாப்பாடு. தனியாக இருக்கும்போது சாதுவாக இருக்கிற பூச்சிதான். பாலைவனத்தில் எதிர்பாராத மழை பெய்து பெருகி, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இருக்க நேர்ந்தால் நிறமும் குணமும் மாறிக் கூட்டமாகிவிடுகிறது. 2018-இல் இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் கொட்டிய மழையில் பெருகத் தொடங்கியவைதான் 2020-இல் கிழக்கு ஆப்பிரிக்காவையும் ராஜஸ்தானையும் ஆட்டிவைத்தன.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். யோவேல் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், இந்தப் பாவத்தால் இது வந்தது என்று அவர் எந்தப் பாவத்தின் பெயரையும் சொல்லவே இல்லை. நீங்கள் எளியவனை விற்றீர்கள், பாகாலை வணங்கினீர்கள் என்று ஒரு வரி கிடையாது. பயிர் நாசமான விவசாயி முன்னால் நின்றுகொண்டு உன்னால்தான் என்று அவர் விரல் நீட்டவில்லை. கோதுமையும் வாற்கோதுமையும் போச்சே என்று உழவரோடு சேர்ந்து அழுகிறார், விதை மண்கட்டியின் கீழே மக்கிப்போச்சு, களஞ்சியம் இடிஞ்சு கிடக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார், மாடுகள் முனகுவதையும் சேர்த்து எழுதுகிறார். அப்புறம்தான் திரும்புங்கள் என்கிறார், அதுவும் வஸ்திரத்தை அல்ல இருதயத்தைக் கிழியுங்கள் என்று. அந்த வாட்ஸ்அப் செய்திக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்கு இங்கேயே தெரிந்துவிட்டது.

1915-இல் லெபனானிலும் சிரியாவிலும் வந்த பஞ்சத்துக்குப் பூச்சி மட்டும் காரணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நேச நாடுகள் கடலை அடைத்தன, துருக்கி ராணுவம் தானியத்தையும் வண்டி மாட்டையும் பிடுங்கிக்கொண்டது, கையில் தானியம் வைத்திருந்தவர்கள் பதுக்கினார்கள். பூச்சி தின்றது போக மிச்சத்தை மனிதர் தின்றார்கள். ஆமோஸ் இருந்திருந்தால் யாரைக் கேட்டிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.


ஜெபகூடாரம்:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு பயம் வருகிறது. நியாயத்தீர்ப்பையே கரைத்துவிடப் போகிறோமோ என்று. ஆமோஸ் 3:6 தெளிவாகக் கேட்கிறது, கர்த்தருடைய செயல் இல்லாமல் ஊரில் தீங்கு உண்டாகுமோ என்று. எசேக்கியேல் 14-இல் பட்டயம், பஞ்சம், துஷ்டமிருகங்கள், கொள்ளைநோய் என்று நான்கு தண்டனைகள், நோவாவும் தானியேலும் யோபும் நடுவில் இருந்தாலும் தங்களை மட்டும்தான் தப்புவிப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. இது சொந்த ஜனத்துக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஏசாயா 19-இல் எகிப்தின் நைல் வற்றுகிறது, தூண்டில் போடுகிற செம்படவர் துக்கிக்கிறார்கள். அந்தச் செம்படவன் எந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டான்? துன்மார்க்கரை எச்சரிக்காமல் விட்டால் காவற்காரன் மேல் இரத்தப்பழி வரும் என்றும் அதே எசேக்கியேல் 33-இல் இருக்கிறது. நான் சண்டைக்கு வரவில்லை, இதற்கும் பதில் வேண்டும்.


வேதநாயகி:

ஜெபகூடாரம் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, அதைத் தாண்டிப் போகக்கூடாது. தீர்க்கதரிசிகள் தண்டனை என்றுதான் சொன்னார்கள், அதை நாம் மெழுகிப் பூசக்கூடாது. ஆனால் அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போது அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆமோஸ் 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் பங்கு அறுத்தபின் இரண்டாம் புல் முளைக்கிற நேரத்தில் வெட்டுக்கிளிகளைக் காட்டுகிறார் கர்த்தர். ராஜாவுக்குக் கொடுத்தது போக ஜனத்துக்கு மிச்சம் அதுதான், அதுவும் போனால் குடும்பம் பட்டினி. உடனே ஆமோஸ் சொல்வது, ஆண்டவரே மன்னியும், யாக்கோபு எப்படித் தாங்குவான், அவன் சிறியவன். மூன்று அதிகாரத்துக்கு முன்னால் சமாரியாவின் பெண்களைப் பாசானின் மாடுகளே என்று கூப்பிட்ட அதே வாய். கர்த்தரும் மனஸ்தாபப்பட்டு, அது நடப்பதில்லை என்கிறார். அக்கினியைக் காட்டும்போதும் அதே மன்றாட்டு, அதே பதில். எரேமியாவுக்கு இந்த ஜனத்துக்காக ஜெபம்பண்ணாதே என்று நேரடியாகவே உத்தரவு வந்தது (14:11), அந்த அதிகாரம் முடிவதற்குள் அவர் மறுபடியும் ஜெபிக்கிறார். எச்சரிக்கிறவன் காவற்காரன் என்றால், அவன் நிற்பது அதே பட்டணத்து மதிலின்மேல். பட்டணம் விழுந்தால் அவனும் விழுவான். எரேமியா தன் எச்சரிப்பு பலித்த முற்றுகையில் எருசலேமுக்கு உள்ளேதான் இருந்தார், அப்பம் தீரும் வரை அவருக்கும் தினம் ஒரு அப்பம்தான்.

எகிப்தைப் பற்றிச் சொன்னீர்கள். ஏசாயா 19-ஐக் கடைசி வரை வாசியுங்கள் அண்ணா. செம்படவன் அழுகிற அந்த அதிகாரம், எகிப்தியர் கர்த்தரை நோக்கிக் கூப்பிடுவார்கள், அவர் அவர்களைக் குணமாக்குவார் என்று போய், எகிப்தை என் ஜனம் என்று கர்த்தர் அழைப்பதில் முடிகிறது. பழைய அடிமை வீட்டைப் பார்த்து அந்த வார்த்தை. நைல் வற்றும் வரை மட்டும் எடுத்துப் பிரசங்கித்தால் ஏசாயாவை நாம் பாதியில் நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம்.

நிலநடுக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மேலே யாரும் தொடவில்லை. ஆமோஸ் 1:1 பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னே என்று காலம் குறிக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்தும் சகரியா 14:5 உசியா ராஜாவின் நாளில் நடந்த அந்த அதிர்ச்சிக்குப் பயந்து ஓடினதை நினைவுபடுத்துகிறது என்றால் எவ்வளவு பெரியதாக இருந்திருக்க வேண்டும். 1950-களில் தொல்லியலாளர் யிகாயேல் யாதீன் வடக்கே இருந்த ஆத்சோர் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது கி.மு. எட்டாம் நூற்றாண்டு அடுக்கில் சுவர்கள் சாய்ந்து நின்றதைப் பார்த்து நிலநடுக்கம் என்றார். 2021-இல் எருசலேமின் தாவீதின் நகரம் பகுதியிலும் அதே நூற்றாண்டைச் சேர்ந்த இடிபாட்டு அடுக்கு கிடைத்தது, நொறுங்கின பானைகளும் விளக்குகளும் இருந்தன, எரிந்த அடையாளம் இல்லை, ஆகையால் படையெடுப்பு என்று சொல்ல வழியில்லை. அந்த நாடே சவக்கடல் பிளவின் ஓரத்தில் இருக்கிறது, அதிர்ச்சி அங்கே புதிதல்ல. இதில் என்னை நிறுத்துவது, ஆமோஸ் பேசினது முன்னால். பொளிந்த கல்லால் வீடு கட்டினீர்கள், அதில் குடியிருக்க மாட்டீர்கள் என்று 5:11-இல் சொல்லும்போது அந்த வீடுகள் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தன, அவரைப் பெத்தேலை விட்டுப் போ என்று விரட்டினார்கள். பலமாக இருப்பவனிடம் அவன் பலமாக இருக்கும்போதே சொல்வதற்குத் தைரியம் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் முடிந்து வந்திருந்த யாத்திரிகர்களும் கரையோர மீனவர் பிள்ளைகளும் அலையில் போன பிறகு, அது நியாயத்தீர்ப்பு என்று பேசினவர்களுக்கு அந்தத் தைரியம் தேவைப்படவில்லை. செத்தவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

இப்போது மீனுக்கு வருகிறேன். ஓசியா 4:3-இல் குடிகள், மிருகங்கள், பறவைகள், மீன்கள் என்று வரிசை. செப்பனியா 1:3-இலும் மனிதர், மிருகஜீவன், பறவை, மீன். ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் தலைகீழாகப் படியுங்கள், இதே வரிசை வரும். படைப்பே பின்னோக்கிக் கழன்று போகிறது என்று சொல்கிறார்கள். எரேமியா 4:23 இன்னும் ஒருபடி போகிறது, பூமியைப் பார்த்தேன், ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்தது, வானத்துக்கு ஒளியில்லை என்கிறார், ஆதியாகமம் 1:2-க்கே திரும்பிவிட்டது உலகம். மீனுக்குத் தண்டனை கொடுக்கிறார் என்று தீர்க்கதரிசி சொல்லவில்லை. மனிதனிடம் ஒப்படைத்த வீட்டை அவன் இடித்தால் உள்ளே இருந்த எல்லோர் தலையிலும் விழும் என்கிறார். அந்த உயிர்கள் கஷ்டப்படுவதை வேதம் சும்மா கடந்துபோகவும் இல்லை. எரேமியா 14:5-இல் பெண்மான் வெளியில் குட்டி போட்டுவிட்டுப் புல் இல்லாததால் அதை விட்டுவிட்டு ஓடுகிறது. எருசலேமே தாகத்தில் கிடக்கும்போது ஒரு மானின் குட்டியை நின்று பார்த்து எழுதி வைத்திருக்கிறார் அந்த மனிதர்.

ஆபகூக் 2:17-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். பாபிலோன்மேல் சுமத்தின குற்றங்களில் லீபனோனுக்குச் செய்த கொடுமையும் மிருகங்களைப் பாழாக்கினதும் மனித இரத்தத்தோடு ஒரே வசனத்தில் நிற்கின்றன. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் லெபனானில் வாதி பிரிசா என்ற இடத்துப் பாறையில், மலையை வெட்டிப் பாதை போட்டுக் கேதுரு மரங்களைக் கொண்டுபோனதைப் பெருமையாகவே பொறித்து வைத்திருக்கிறான். அவன் சாதனை என்று எழுதினதைத் தீர்க்கதரிசி குற்றம் என்று எழுதினார்.


பொருநைக்கரை:

வேதநாயகி அக்கா, மற்ற எல்லோருக்கும் நன்றி. படைப்பின் வரிசை தலைகீழாக வருவதை நான் கவனிக்கவே இல்லை, போய் ஆதியாகமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. ஜெபகூடாரம் ஐயா கேட்டதும் நல்லதாகப் போயிற்று.

இன்னும் ஒன்று மட்டும். ஆகாய் 1-ஆம் அதிகாரம் இந்த விளக்கத்துக்குள் உட்காரவில்லையே? அங்கே வறட்சி ஏற்கெனவே வந்துவிட்டது, ஜனங்கள் ஏழைகள், பாபிலோனிலிருந்து திரும்பி வந்து கஷ்டப்படுகிறவர்கள். அவர்களிடம் போய், என் ஆலயம் பாழாய்க் கிடப்பதால்தான் பனி பெய்யவில்லை என்கிறார். தந்தக் கட்டில்காரர்கள் யாரும் அங்கே இல்லையே.


மறைநூல் மாணவன்:

இல்லைதான் பிரதர், ஆகாய் கொஞ்சம் வேறு. எல்லாத் தீர்க்கதரிசியையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டாம். ஆனால் தேதியைப் பாருங்கள், தரியு ராஜாவின் இரண்டாம் வருஷம், அதாவது கி.மு. 520. அவர் முதலில் பேசுவது தேசாதிபதி செருபாபேலிடமும் பிரதான ஆசாரியன் யோசுவாவிடமும். மச்சுப்பாவின (மரப்பலகை பதித்த) வீடுகளில் குடியிருக்க உங்களுக்குக் காலமானதோ என்ற கேள்வி 1:4-இல் இருக்கிறது, அன்றாடக் கூலிக்காரனுக்கு மச்சுப்பாவின வீடு ஏது? கூலியைப் பொத்தலான பையில் போடுகிறவனைப் பற்றி 1:6-இல் சொல்லும்போது குரல் மாறுவதை உரக்க வாசித்துப் பார்த்தால் தெரியும், அங்கே குற்றச்சாட்டைவிடப் பரிதாபம்தான் கேட்கிறது.

ஜனங்கள் கேட்டதும் 1:13-இல் வருகிற முதல் வார்த்தை நான் உங்களோடே இருக்கிறேன் என்பது. அதற்கு அப்புறம் சில மாதத்திலேயே 2:19-இல், களஞ்சியத்தில் இன்னும் விதைத்தானியம் உண்டோ, அத்தியும் மாதளையும் ஒலிவமும் கனி கொடுக்கவில்லையே என்று அவரே கேட்டுவிட்டு, இன்றுமுதல் ஆசீர்வதிப்பேன் என்கிறார். முதல் அதிகாரத்தோடு நிறுத்தாமல் அதுவரை ஒரே மூச்சில் வாசியுங்கள், மொத்தமே இரண்டு அதிகாரம்தான்.